சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்த செங்கல்

ராத்திரி ரெண்டு பத்து. தாராவியில தோல் பட்டறைங்க இருக்குற ஒரு சந்து... பகல்ல கால் வைக்க எடமிருக்காது. அந்த நேரத்துல ஒரு நாய் கூடக் கெடயாது. அந்த மொபைல் லைட்ட அணை சபா. கதை கேக்கப் பயமா இருந்தா இப்பவே மாடிய விட்டுக் கீழ போயிரு, நடுவுல எந்திரிச்சா நான் பொறுப்பில்ல.

நம்ம யாசரோட மாமா, ஜெயினுலாப்தீன்னு பேரு. பை தைக்கிற பட்டறை வச்சிருக்காரு. ஸ்கூட்டருக்குப் பின்னால கொக்கி மாட்டி இழுக்குற டிரெய்லர் ஒண்ணு உண்டு... ரெண்டு சக்கரம், இரும்புத் தட்டு. தோல் ஏத்த, பை எறக்க, எல்லாத்துக்கும் அதுதான். ஒரு நாள் காலைல பாத்தா, அது நின்ன எடம் காலி.

ஸ்டேஷனுக்குப் போறதுக்கு முன்னால ஒரு பார்வை பாத்துருவோம்னு, மாமாவும் யாசரும் பக்கத்து மெடிக்கல் கடை கேமராவ ஓட்டிப் பாத்தாங்க. ரெண்டு பத்துக்கு ஒருத்தன் வாறான். முதுகு மட்டும் தெரியுது. குனியுறான்... சக்கரத்துக்கு அடியில முட்டுக் கொடுத்திருந்த செங்கல்ல எடுத்துத் தட்டுல வைக்கான். டிரெய்லரக் கையாலயே இழுத்துக்கிட்டுப் போறான். இடது தோளத் தூக்கித் தூக்கி நடக்கான். கால்ல செருப்பில்ல.

மாமா திரைகிட்டக் குனிஞ்சாரு. "யாசரு... அது நம்ம ராஹில்லா?"

ராஹில் அவரு மவன், அந்தத் தோள் நடை அவனுக்குத்தான். ரெண்டு வருசம் முன்னால ஒரு நாள் அந்தச் செங்கல்ல வைக்க மறந்துட்டான். சந்து சரிவுல்லா... டிரெய்லர் தானா உருண்டு போய் ஆறுமுகத்தாய் அக்கா இட்லிக் கடைல இடிச்சு, சாம்பார் அண்டா கவுந்து, ஊரே கூடிருச்சு. அத்தனை பேரு முன்னாலயும் மாமா அறைஞ்சாரு. இருபது வயசுப் பையன. "ஒரு கல்லு வைக்கத் துப்பில்ல, நீயெல்லாம் எனக்கு மவனாலே"ன்னாரு. அவன் செருப்பக் கூட மாட்டாம நடந்தான். போனவன் போனவன்தான்.

இப்போ கண்ணு முன்னால நிக்கான், திருட்டு வீடியோவுல. போலீஸ் பாத்தா என்ன ஆவும்? மாமா மெடிக்கல் கடைக்காரர் கையப் புடிச்சுக்கிட்டாரு. "அண்ணே, இத அழிச்சிருங்க. எம்புள்ளண்ணே."

அழிச்சாச்சு. பெரிய ரோட்டுலதான் போயிருப்பான்னு ரெண்டு பேரும் கடை கடையாக் கேட்டுக்கிட்டே போனாங்க. செம்பூர்ல ஒரு பஞ்சர் கடை கேமராவுல போறான்... ரெண்டு பதினாலு. அழிச்சாச்சு. கோவண்டில ஒரு டீக்கடை... ரெண்டு பத்தொன்பது.

யாசர்தான் கேட்டான். "மாமா, தாராவியில இருந்து இவ்வளவு தூரம்... ஒம்போது நிமிசத்துல எப்படி இழுத்துட்டு வர முடியும்?"

"எந்தக் கேமராவுல டைம் சரியா ஓடுது, போலே"ன்னுட்டாரு. சந்தோசத்துல இருந்தாரு, பாவம்.

டீக்கடைப் படத்துலதான் அவன் திரும்பினான். நேரா கேமராவப் பாத்தான். ரொம்ப எளச்சிருந்தான். மாமா அந்தத் திரையக் கையால தடவினாரு. ஒரே ஒரு தடவதான் பாத்தாரு... "அழிங்க"ன்னாரு. அங்க நின்னே வீட்டுல மாமிக்குப் போன் போட்டாரு. "நூர் நிஷா, மவன் கெடச்சுட்டான். கறி எடுத்து ஆக்கி வை. நான் ஒண்ணும் திட்ட மாட்டேன், கூட்டிட்டு வாறேன்."

டீக்கடையத் தாண்டித் திரும்பினா கபர்ஸ்தான், செத்தவங்கள அடக்குற எடம்.

கேட்டு ஓரத்துல டிரெய்லர் நிக்கி. சக்கரத்துக்கு அடியில அந்தச் செங்கல்லு, ஒழுங்கா முட்டுக் கொடுத்து. எப்பவும் தோல் நாத்தம் அடிக்குற தட்டுல... ஈர மண்ணு வாடை.

காவலுக்கு இருந்தவருகிட்ட மாமா கேட்டாரு. "இந்த வண்டிய விட்டுட்டுப் போன பையன் எங்க? ராஹில்னு பேரு."

அவரு மாமா மொகத்தப் பாத்தாரு. உள்ள போய் ஒரு நோட்ட எடுத்துட்டு வந்து புரட்டினாரு. "ராஹில். வாப்பா பேரு ஜெயினுலாப்தீன். காய்ச்சல்ல மௌத்து. கூட வேல பாத்த பசங்கதான் கொண்டு வந்தாங்க. வீடு எங்கன்னு யாருகிட்டயும் சொன்னதில்லையாம்." அடக்கம் பண்ணி எட்டு மாசம் ஆச்சு.

கபரக் காட்டினாங்க. அங்க மாமா அழுதத யாசர் இன்னைக்கு வரைக்கும் முழுசாச் சொன்னதில்ல. அரை மணி நேரத் தூரத்துல இருந்திருக்கான் புள்ள... தேடிப் போகலயேன்னு மண்ண மண்ண அள்ளினாராம். திடீர்னு எந்திரிச்சு டீக்கடைக்கு ஓடினாரு. "தம்பி, அந்தப் படம்... ஒரு தடவ... ஒரே ஒரு தடவ காட்டு."

அழிச்சது அழிச்சதுதான். மூணு எடத்துலயும். வாப்பாவப் பாக்க வந்த புள்ள மொகம் அந்த டீக்கடைப் படத்துல மட்டும்தான் இருந்துச்சு. அழிக்கச் சொன்னது அவரு வாய்தான். அந்த நேரம் வீட்டுல கறி கொதிச்சுக்கிட்டு இருக்கு.

இப்ப மாமாவே பட்டறை வாசல்ல ஒரு கேமரா மாட்டியிருக்காரு. தெனமும் ராத்திரி டிரெய்லர அதே சரிவுல நிப்பாட்டுவாரு. செங்கல்ல மட்டும் வைக்க மாட்டாரு. வாசப்படில போட்டுட்டு, "மறந்துட்டேன்லே"ன்னு சத்தமாச் சொல்லிட்டுப் போவாரு. காலைல பாத்தா செங்கல்லு சக்கரத்துக்கு அடியில இருக்கும்... ஈர மண்ணோட.

அவன் மொகம் தெரியுதான்னு உடனே உக்காந்து படத்த ஓட்டுவாரு. ரெண்டு பத்து வரைக்கும் எல்லாம் தெரியும். சந்து... டிரெய்லர்... படில செங்கல்லு. கேமராவ மூணு மெக்கானிக்கு பாத்தாச்சு, ஒரு கோளாறும் இல்ல. ரெண்டு பத்துக்கு டிரெய்லர் லேசா உருளத் தொடங்கும்...

அடுத்த நொடி, நேரா ரெண்டு பத்தொன்பது... செங்கல்லு சக்கரத்துக்கு அடியில.