சத்தத்தைச் சமமா வை

கத்தறதைக் கொஞ்சம் நிறுத்துங்கய்யா... ஒரு குட்டிக் கதை சொல்றேன், அப்புறம் ஓட்டுப் போடுங்க.

தூத்துக்குடியில எனக்குத் தெரிஞ்ச அண்ணன் தம்பி. அண்ணன் அந்தோணிமுத்துகிட்ட பழைய வால்வு செட், அந்தக் காலத்துப் பாட்டுப் பெட்டி. தம்பி சவரிராஜ் துபாய்ல இருந்து ஸ்டீரியோ கொண்டு வந்துட்டான். வீட்ல ஒரே ஹால். ரெண்டுக்கும் இடமில்ல.

"நல்லாப் பாடற செட்டு வீட்ல இருக்கட்டும்ணே. தோத்தது பழைய இரும்புக்குப் போகட்டும்"னான் தம்பி.

"போகட்டும்டா!"ன்னு அண்ணன் வீராப்பா சொல்லிட்டாரு. ஆனா கை... செட்டைத் தடவிக்கிட்டே இருக்கு.

போட்டி பார்க்க ஊரே கூடிருச்சு. சரி... பாதி ஊரு. தீர்ப்புச் சொல்ல யாரு? நான்தான்! நான் படிச்சது எட்டாவது, ஆனா என் காது எம்.ஏ. பாஸ்!

ஒரே நாதஸ்வர ரெக்கார்டு. வயரை மட்டும் மாத்தி மாத்திச் சொருகறாங்க. முதல்ல அண்ணனோடது. அடுத்து தம்பியோடது... அடேயப்பா! ஜன்னல் ஆடுது, காக்கா பறக்குது, கடல்ல கப்பலே திரும்பிப் பார்க்குது!

"தம்பிதான்! தம்பிதான்!"னு எல்லாரும் கை தட்டறாங்க. வாசல்ல நின்ன இரும்புக்காரர் உள்ள வந்து அண்ணன் செட்டுக்குக் கயிறு கட்டறாரு. அண்ணன் சுவரைப் பார்த்து நிக்கறாரு.

"கயிறை விடுய்யா!"ன்னேன். "டேய் சவரி, நீ சத்தத்தைக் கூட்டி வச்சிருக்கே. கூடுதலாக் கத்தினா நல்லாப் பாடினதா ஆயிடுமா?"

"மாமா, நீங்க அண்ணன் கட்சி!"

"நான் காது கட்சிடா!"

அண்ணன் சம்சாரம் அற்புதத்தை அடுக்களை வாசல்ல நின்னு சாதாரணமாப் பேசச் சொன்னேன். எந்த செட் பாடினாலும் அந்தப் பேச்சு ஒரே மாதிரி கேக்கணும். அந்த அளவுக்கு ரெண்டையும் வச்சேன்.

இப்பப் போட்டா... தம்பி செட்டுல தவில் மட்டும் இடிக்குது. அண்ணன் செட்டுல? வாசிக்கிறவர் மூச்சு இழுக்கறது கேக்குதுய்யா... மூச்சு!

தம்பியே எந்திரிச்சுப் போய்க் கயிறை அவுத்தான். "அண்ணே, உன் செட்டுல அந்த ரெக்கார்டை இன்னொரு தடவை போடு"ன்னான்.

கதை எதுக்கு? நம்ம பிள்ளைங்க விளையாடற மைதானத்தைக் கல்யாண மண்டபம் கட்டறவருக்குக் குடுத்துரலாம்னு முன்வரிசை தொண்டை கிழியக் கத்துது. பின்வரிசையில நம்ம பொம்பளைங்க "வேண்டாம்"னு சொல்றாங்க... யாருக்காவது கேட்டுச்சா? கேட்டுச்சா?

முன்வரிசை உட்காரணும். அம்மா, நீங்க முன்னால வாங்க. இந்தாங்க மைக்கு. நீங்க பேசி முடிக்காம இங்க ஒரு கை தூக்க விடமாட்டேன்!