ஞானத்தகப்பன்

சிக்கு, அதாவது சப்போட்டா மரத்துக்கு உப்புக் காற்று ஒத்துக்கொள்ளும். கோலா சிலாங்கூர் பக்கம் அது இப்படிக் காய்ப்பதற்குக் காரணம் அதுதான். மா அப்படியில்லை, பூவெல்லாம் கருகிவிடும். என் வீட்டுப் பின்புறம் நிற்கும் சிக்கு, நான் தோட்டத்துக்கு வந்த வருஷம் வைத்தது. ஒரு பழம் உள்ளங்கை நிறையும். இதை எதற்குச் சொல்கிறேன் என்று சார்ஜன்ட் யோசிக்க வேண்டாம். ரமணி என்பதுதானே உங்கள் பெயர்? நீங்களும் தோட்டத்து லய வீட்டில் பிறந்து வளர்ந்தவர் என்று வெளியே உட்கார்ந்திருந்தபோது கேள்விப்பட்டேன். பரவாயில்லை. நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன், எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

என் பெயர் ஞானப்பிரகாசம். புக்கிட் பெலிம்பிங் தாண்டி உள்ளே போனால் வரும் தோட்டத்தில் பெரிய கிராணி. ஆபீஸ் வேலையும் ஸ்டோர் சாவியும் என் கையில். அது வயிற்றுப்பாட்டுக்கு. தோட்டத்து மாதா கோவிலில் உபதேசியாரும் நான்தான். பங்குச் சாமியார் மாதம் ஒரு முறை பூசை வைக்க வருவார். மற்ற ஞாயிறுகளில் செபம் நடத்துவது, ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மந்திரம் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அந்த ஜனங்களின் வியர்வை நாற்றத்துக்கு நடுவே இருபது வருஷம் நின்றிருக்கிறேன். யாரும் நன்றி சொன்னதில்லை. நான் எதிர்பார்த்ததும் இல்லை.

ஜென்மப் பாவம் என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்டவர் முதல் மனுஷனையும் மனுஷியையும் ஒரு தோட்டத்தில் வைத்தார். எதை வேண்டுமானாலும் தின்னுங்கள், இந்த ஒரு மரத்தை மட்டும் தொடாதீர்கள் என்றார். தொட்டார்கள். அன்றிலிருந்து ஆணுக்கு நெற்றி வேர்வை, பெண்ணுக்குப் பிரசவ வேதனை, இரண்டு பேருக்கும் சாவு. பிறக்கிற ஒவ்வொரு பிள்ளையும் அந்தக் குற்றத்தைச் சுமந்துகொண்டுதான் பிறக்கிறது. “அவங்க தின்னதுக்கு நாங்க என்னாங்கய்யா செஞ்சோம்?” என்று லயத்து ஆட்கள் கேட்பார்கள். வேரில் கேடு புகுந்த மரத்தில் எந்தக் கிளை நல்ல கிளை? அதற்குள் அவர்களுக்குக் கொட்டாவி வந்துவிடும்.

சன்னாசிக்கு மட்டும் கொட்டாவி வராது. வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருப்பான்.

அவன் மருந்து அடிக்கும் ஆள். ரப்பரை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்டதிலிருந்து புல்லைச் சாகடிக்கிற மருந்து அடிப்பதுதான் எங்கள் தோட்டத்தில் பெரிய வேலை. சம்சு சாராயத்தைக் குடித்துவிட்டு மனைவி கங்காவை அடிப்பது அவனுடைய மற்ற வேலை. ஒரு மழைக்காலத்தில் போதையில் பாரிட்டு வாய்க்காலுக்குள் விழுந்து, சேறும் தண்ணீரும் மூக்குவரை ஏறிக் கிடந்தான். அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் வந்த புதுச் சாமியார் அவனை இழுத்துக் கரையில் போட்டார். பினாங்குக்காரர், மீசை கூட ஒழுங்காக முளைக்காத வயது. அன்றிலிருந்து சன்னாசி குடிக்கவில்லை. வேதத்தில் சேர வேண்டும் என்று வந்து நின்றான். எண்பத்து நாலாம் வருஷம் ஈஸ்டருக்கு அவனுக்கு ஞானஸ்நானம் ஆயிற்று. சாமியார் சூசை என்று பெயர் வைத்தார். நான் சன்னாசி என்றே கூப்பிட்டேன். சட்டையை மாற்றினால் ஆள் மாறிவிடுவானா?

சாமியார் அப்படித்தான் நினைத்தார். “தண்ணீர் தலையில் பட்டது, ஜென்மப் பாவம் போனது, சூசையைப் பாருங்கள்” என்று பிரசங்கத்தில் சொன்னார். பூசை முடிந்ததும் நான் அவரிடம் போய், போவது குற்றம்தான், பாவத்தின் பக்கம் சாய்கிற சாய்வு சாகும்வரை போகாது, ஞானோபதேசத்தில் தெளிவாக இருக்கிறது என்று நினைவூட்டினேன். சிரித்தார்.

“மிஸ்டர் ஞானம், நீங்க ஞானோபதேசத்த மனப்பாடமா வச்சிருக்கீங்க. சூசை அதுக்குள்ள குடியிருக்கான் லா.”

எனக்குக் கோபம் வரவில்லை. அறியாதவர்களிடம் கோபப்படுவது என் வழக்கமில்லை. நிரூபித்துக் காட்டுவோம் என்று மட்டும் நினைத்தேன்.

சன்னாசியையும் கங்காவையும் என் வீட்டுப் பின்னறையில் குடிவைத்தேன். லயத்துப் பழைய சகவாசம் வேண்டாம் என்று காரணம் சொன்னேன். தோட்டமே என்னைப் புகழ்ந்தது. வந்த அன்று இருவரையும் கூட்டிப்போய்ப் பின்புறத்தைக் காட்டினேன். பப்பாளி, வாழை, ரம்புத்தான், எது வேண்டுமோ பறித்துத் தின்னுங்கள், சிக்கு மட்டும் வேண்டாம் என்றேன். காரணம் சொல்லவில்லை. காரணம் சொன்னால் அது கட்டளை ஆகாது.

கங்கா அப்போது முழுகாமல் இருந்தாள். மசக்கைக்காரிக்கு எதன்மேல் ஆசை வரும் என்று சொல்ல முடியாது என்பார்கள். அவளுக்குச் சிக்குமேல் வந்தது. நான் பழுத்ததாகப் பார்த்துப் பறித்து, ரோத்தான் பிரம்புக் கூடையில் போட்டு, அவர்கள் போகவர இருக்கும் அடுப்படித் திட்டில் வைத்தேன். வாசனை வீடெல்லாம் நின்றது. பலகைச் சுவர்தானே, அவர்கள் பேசுவது என் அறைக்குக் கேட்கும்.

“ஒண்ணே ஒண்ணு எடுத்தா ஐயாவுக்குத் தெரியவா போவுது?”

“ஐயாவுக்குத் தெரியாது புள்ள. எனக்குத் தெரியுமில்ல.”

மறுநாள் அவன் வேலை முடிந்து புக்கிட் ரோத்தான் சந்தைவரை நடந்துபோய் அவளுக்குச் சிக்கு வாங்கி வந்தான். அதில் இரண்டைத் துடைத்து என் மேசையில் வைத்தான். “நல்ல பழமா பொறுக்கினேங்கய்யா. உங்க மரத்துப் பழம் மாதிரி இல்லதான்.” என் கூடையில் இருந்ததெல்லாம் அழுகி, எறும்பு மொய்த்து, நானே குழிவெட்டிக் கொட்டினேன்.

ஆசை பெண்ணுடையது, ஆணைச் சோதிக்க அது போதாது என்று எனக்குப் புரிந்தது. ஆகவே சம்சு போத்தல் ஒன்றை வாங்கி, மூடியைத் தளர்த்தி, பின்படிக்கட்டில் மறந்து வைத்ததுபோல் வைத்துவிட்டு ஆபீசுக்குப் போனேன். திரும்பி வந்தபோது அவன் வாசலில் நின்றுகொண்டிருந்தான். போத்தலை உடம்பிலிருந்து தள்ளி, செத்த பாம்பைப் பிடிப்பதுபோல் பிடித்திருந்தான்.

“ஐயா, இத உள்ள வச்சுப் பூட்டிருங்க. எனக்குக் கை நடுங்குது.”

அந்த நடுக்கம்தான் நான் சொன்ன சாய்வு. சாமியார் அடுத்து வந்தபோது அதைச் சொன்னேன். அந்த மனிதருக்கு எதுவும் ஏறாது. “நடுங்குற கையால கொண்டாந்து குடுத்தான் பாருங்க, மிஸ்டர் ஞானம், அத நினைச்சுப் பாருங்க” என்றார். நினைத்துப் பார்த்துத்தான் முடிவும் செய்தார் போலிருக்கிறது. மாதா கோவில் திருவிழா அன்று, இனி ஞாயிறு செபத்தை சூசை நடத்துவார், மிஸ்டர் ஞானம் நிறைய உழைத்துவிட்டார், ஓய்வெடுக்கட்டும் என்று எல்லார் முன்னாலும் அறிவித்தார். எனக்கு ஒரு சால்வை போட்டார். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவன் வாசகம் வாசிக்க, நான் பெஞ்சில் உட்கார்ந்து கேட்க வேண்டும். ஜனங்கள் கை தட்டினார்கள். ஆட்டுக்கு மாலை போட்டாலும் தட்டுகிறவர்கள்தான்.

இதன் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். அவன் வாயும் தொண்டையும் வெந்த நிலையில் கிள்ளான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டான். நீங்கள்தான் கட்டில் பக்கத்தில் நின்று விசாரித்தீர்கள். புல் மருந்து கலக்கிய குவளை என்று தெரியாமல் அதில் தண்ணீர் மொண்டு குடித்துவிட்டதாகச் சொன்னான். நீங்களும் நம்பினீர்கள். தோட்டங்களில் அப்படி நடப்பதுண்டு. சிலர் மட்டும், பழைய குடிப்புத்தி, சம்சு என்று நினைத்து எடுத்திருப்பான் என்று பேசிக்கொண்டார்கள். நான் அதை மறுக்கவில்லை.

குவளை என்னுடையது. பீங்கான் குவளை, நீலக் கரை போட்டது. திருவிழாவுக்கு மறுநாள் அவன் இருமிக்கொண்டே வேலையிலிருந்து வந்தான். வராந்தாவுக்குக் கூப்பிட்டு உட்காரச் சொன்னேன். அதற்குமுன் என் எதிரில் அவன் உட்கார்ந்ததில்லை, நாற்காலி நுனியில் ஒட்டிக்கொண்டான். ஸ்டோரிலிருந்து கொண்டுவந்திருந்ததை ஊற்றிக் கொடுத்தேன். முகர்ந்து பார்த்தான்.

“சாராயம் இல்லீங்களே ஐயா?”

“இல்லை. இருமலுக்கு மருந்து. ஞாயிற்றுக்கிழமை நீ வாசிக்க வேண்டாமா? தொண்டை சரியாக இருக்க வேண்டும்.”

சிலுவை போட்டுக்கொண்டு குடித்தான். முகம் சுளித்தது. குவளையைத் தானே கழுவப் போனான். நான் வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன்.

எழுதுவதை ஏன் நிறுத்திவிட்டீர்கள்? நான் சொன்னது உண்மைதான். சாட்சிக்காரனை மிரட்டிச் சொல்லவைத்தீர்கள் என்று நாளைக்கு யாரும் சொல்ல மாட்டார்கள். நானாகத்தான் வந்தேன். எழுதுங்கள்.

நான் ஆஸ்பத்திரிக்கும் போனேன். உபதேசியார் போகாமல் இருக்க முடியாது. கடைசிவரை அவனுக்கு நினைவு தெளிவாக இருந்தது. கங்காவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு என்னைக் கிட்டே வரச் சொன்னான். குரல் இல்லை, காற்றுதான் வந்தது.

“போத்தல் மாறிப்போச்சு போலங்கய்யா. நீங்க மனசப் போட்டு ஒழப்பிக்காதீங்க. நானே தெரியாமக் குடிச்சேன்னு போலீஸ்ல சொல்லிப்புட்டேன்.”

“மாறவில்லை” என்றேன். தவறான எண்ணத்தோடு அவன் சாகக் கூடாது என்று தோன்றியது.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான். பயமோ கோபமோ இருக்கும் என்று எதிர்பார்த்தேன். அந்தச் சாதிக்கு அதைத் தாண்டி எதுவும் தெரியாது. அவன் கண்ணில் அது வரவில்லை. கட்டில் விளிம்பில் இருந்த என் கைமேல் தன் கையை வைத்தான். சுட்டது.

“சொன்னத மாத்த மாட்டேங்கய்யா. சாமிகிட்ட மட்டும் சொல்லிருங்க. நம்ம புள்ளைக்கு நீங்கதான் ஞானத்தகப்பனா நிக்கணும்.”

பாவசங்கீர்த்தனம் செய்யச் சொல்லி எனக்கு அவன் புத்தி சொல்கிறான். அதற்கு மந்திரம் கற்றுக்கொடுத்ததே நான்.

அடக்கம் முடிந்து கொஞ்ச நாளில் கங்காவுக்கு வலி கண்டது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் கத்தியதை முழுக்கக் கேட்டேன். வேதத்தில் எழுதியிருப்பது எழுத்துக்கு எழுத்து நடந்துகொண்டிருந்தது. பெண் பிள்ளை. அப்பன் ஆசைப்பட்டான் என்று அவளே என்னிடம் வந்து கேட்டாள். மறுக்கக் காரணம் இல்லை. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். அதற்குப் பதிலாக ஞானத்தகப்பன்தான் பதில் சொல்ல வேண்டும். பிசாசை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்றேன். அதன் செயல்களையெல்லாம்? விட்டுவிடுகிறேன். என் குரல் கோவில் கடைசிவரை கேட்டிருக்கும். எப்போதும் அப்படித்தான்.

எல்லாம் அதோடு முடிந்திருக்கும். நான் இங்கே வந்திருக்கவும் மாட்டேன். ஆனால் தண்ணீர் ஊற்றி முடித்ததும் சாமியார் ஜனங்கள் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது, அவருக்கு எதற்கும் கலங்கும். “இந்தப் பிள்ளையின் தகப்பன் ஞானஸ்நானம் வாங்கிய நாளிலிருந்து சாகும்வரை ஒரு பாவம் செய்து நான் பார்க்கவில்லை. அவன் வாயில் ஒரு பொய் வந்ததில்லை” என்றார். கிழவிகள் அழுதார்கள். இப்போது அவன் குழியில் மெழுகுவத்தி கொளுத்துகிறார்கள். செம்பனை மட்டைக்கு நடுவே ஒரு மருந்தடிக்கிறவனிடம் மண்டியிட்டு வேண்டுகிறார்கள்.

கையில் அந்தப் பிள்ளையோடு நின்றபடி நான் யோசித்தேன். சிக்கை அவன் தொடவில்லை. போத்தலையும் திறக்கவில்லை. குவளையைக் குடித்ததும் நான் சொன்னதால்தான், அது கீழ்ப்படிதல், பாவத்தில் சேராது. ஆனால் போலீஸ்காரர் முகத்தைப் பார்த்து, சாகிற நேரத்தில், தெரிந்தே, இல்லாததைச் சொன்னான். அது பொய். பொய் பாவம். ஞானோபதேசத்தில் இதற்கு விலக்கு இல்லை. கடைசியில் அவனும் விழுந்தான், எல்லாரையும் போல. நான் சொன்னதுதான் சரி.

இதை நிரூபிக்க வேண்டுமானால் குவளையில் ஊற்றியது யார் என்று சொல்லியாக வேண்டும். வேறு வழி இல்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னால் அவர் அதை வெளியே சொல்ல முடியாது, அவன் பொய்யும் என் பாவத்தோடு சேர்ந்து உள்ளேயே புதைந்துபோகும். அதனால்தான் கோவிலைத் தாண்டி நேராக உங்களிடம் வந்தேன். என்னை என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். அது சின்ன விஷயம்.

கொலையை நீங்கள் எப்படி எழுதிக்கொண்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவன் பொய் சொன்னான் என்பதைத் தெளிவாக எழுதுங்கள், அடுத்த பூசைக்கு முன்னால் சாமியார் அதைப் படிக்க வேண்டும்.