பூட்டாத சுவிட்ச்

உங்கள் ஆபீஸ் லிஃப்ட் கதவு மூடும்போது ஒருமுறை திக்குகிறது, சார். பெரிய கோளாறு இல்லை, தூசிதான். யாரையாவது கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லுங்கள். எங்கே போனாலும் என் கண் அங்கேதான் போகும், லிஃப்ட் ரிப்பேர் பிழைப்பு அப்படி.

என் தங்கை வீட்டுக்காரருக்கும் இதே தொழில்தான். நான்தான் கற்றுக்கொடுத்துக் கூடவே வைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் அவர் குடிக்காத நாள் கிடையாது. கன்னம் வீங்கி என் தங்கை எத்தனையோ தடவை என் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். அப்போதெல்லாம் எனக்கு அவர்மேல் சந்தேகமே வந்ததில்லை. கெட்டவர், அவ்வளவுதான்.

பிறகு ஒருநாள் எங்கள் பிரார்த்தனைக் கூடத்துக்கு வந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதார். அன்றோடு குடியை விட்டார். நான் சிறுவயதிலிருந்து அந்தக் கூடத்துக்குப் போகிறவன். பொய் சொன்னதில்லை, சிகரெட்டைத் தொட்டதில்லை. கூடத்தை நடத்தும் பெரியவர் எனக்குக் கொடுத்திருந்த பொறுப்பு, எல்லோரும் போனபிறகு ஜன்னல்களைச் சாத்துவது. மாப்பிள்ளை வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, பெரியவர் அவரை முன்னால் நின்று பிரார்த்தனை நடத்தச் சொல்லிவிட்டார். பொறாமை என்று நினைத்துவிடாதீர்கள். இது கடவுள் சம்பந்தப்பட்ட விஷயம்.

ஒரு மனிதன் இவ்வளவு சீக்கிரம் திருந்துவானா? கண்காணிக்க ஆரம்பித்தேன். அவருடைய கருவிப் பையைத் துழாவினேன். பேசும்போது நெருங்கி நின்று வாடை பிடித்தேன். ஒரு சாயங்காலம் பின்னாலேயே போனேன். கடைத்தெருவில் தங்கைக்குச் செருப்பு வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்குப் போனார். தங்கையைத் தனியே விசாரித்தேன். அவர் தங்கமாக இருக்கிறார், நீங்கள் எதற்கு நோண்டுகிறீர்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒன்றுமே சிக்கவில்லை. அதுதான் என்னை உறுத்தியது. நிஜமான மனிதனிடம் ஏதாவது ஓர் ஓட்டை இருக்கும், சார். தேடினால் என்னிடமே இருக்கும்.

எங்கள் தொழிலில் ஒரு கண்டிப்பு உண்டு. லிஃப்ட் கூண்டின் தலைமேல் ஏறி வேலை செய்கிறவர், மொட்டைமாடி மெஷின் ரூமில் மெயின் சுவிட்சை அணைத்து, தன் கையாலேயே பூட்டி, சாவியைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பெற்ற தகப்பனே கேட்டாலும் கொடுக்கக் கூடாது. நான் சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் திருந்தியபிறகு மாப்பிள்ளை பூட்டையும் சாவியையும் என்னிடம் நீட்ட ஆரம்பித்தார்.

“நீங்களே பூட்டிருங்க மச்சான். நான் அடிச்சு விரட்டின உங்க தங்கச்சிய மறுபடி என்கூட அனுப்பி வெச்சவரு நீங்க. உங்கள நம்பலன்னா நான் சாமி கும்பிடறதுக்கு என்ன அர்த்தம்?”

அந்தப் பேச்சிலும் எனக்கு நடிப்பு வாடைதான் அடித்தது.

அன்றைக்கு நாங்கள் வேலைக்குப் போன கட்டடத்துக்கு விடுமுறை. அவர் கூண்டின் மேல் ஏறினார், நான் பூட்டோடு மெஷின் ரூமுக்குப் போனேன். சுவிட்சை அணைக்கவில்லை. கூண்டின் மேலே இருக்கிற நிறுத்தும் பொத்தான் கெட்டு வெகுநாளாகிறது, இருவருக்குமே தெரியும். கூண்டு உச்சிக்கு வந்துவிட்டால் அதற்கும் கூரைக்கும் நடுவே ஓர் ஆள் குந்தக்கூட இடமில்லை.

“பூட்டிட்டீங்களா மச்சான்?” என்று கீழிருந்து கேட்டார்.

“பூட்டியாச்சு, மாப்ள.”

என் வாழ்க்கையில் நான் சொன்ன முதல் பொய் அது. மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

மேல்மாடி வராந்தாவில் லிஃப்ட் கதவுப் பக்கம் வந்து நின்றேன். இனி அவர் பாடு, கடவுள் பாடு. பக்தி நிஜமானால் யாரும் லிஃப்டைக் கூப்பிட மாட்டார்கள். பொய்யானால் யாராவது பொத்தானை அழுத்துவார்கள். இதைவிட நியாயமான சோதனை இருந்தால் நீங்களே சொல்லுங்கள்.

காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. உள்ளே அவர் கம்பி வடத்தைத் துடைத்தபடி பிரார்த்தனைப் பாட்டை முணுமுணுப்பது கேட்டது. பக்கத்தில் ஆளில்லாத இடத்திலும் பாடினார். அது கொஞ்சம் என்னைக் குழப்பியது, மறைக்கவில்லை. வேலை முடிகிற நேரம் நெருங்கியது. ஆனால் யோசித்துப் பாருங்கள், கட்டடத்தில் ஆளே இல்லையென்றால் கடவுள் யாரை வைத்துத் தீர்ப்புச் சொல்வார்? அதனால் நானே பொத்தானை அழுத்தினேன்.

பாட்டு நின்றது. பிறகு என்னைத்தான் கூப்பிட்டார், ஒரே ஒருமுறை.

உடலைக் கொண்டுபோனதிலிருந்து தங்கை என் முகத்தைப் பார்ப்பதில்லை. காலப்போக்கில் புரிந்துகொள்வாள். எனக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது, ராத்திரி நன்றாகத் தூங்குகிறேன். அவருடைய பக்தி நிஜமாக இருந்திருந்தால், கடவுள் என் விரலைப் பிடித்து நிறுத்தியிருக்க மாட்டாரா, சார்?