அத்தான் அனுப்பிய ஹீற்றர்

"ஹலோ... ஓம் அத்தான், ஓம், ஓம்... இறங்கிட்டியளோ? பெட்டியள் எல்லாம் வந்திட்டுதோ?... நானோ? நான் காருக்குப் பக்கத்திலைதான் நிக்கிறன்."

அலோசியஸ் பொய் சொல்லவில்லை. காருக்குப் பக்கத்தில்தான் நின்றான். கார் ஜேர்மனியின் ஹம் நகரில் அவனுடைய வீட்டுக்குக் கீழே நின்றது. அக்காவின் கணவர் அல்பேர்ட், ரொறன்ரோவிலிருந்து வந்திறங்கி, பிராங்பேர்ட் விமான நிலையத்தில் காசு போடும் தொலைபேசியில் நின்றார். இடையில் இரண்டரை மணி நேரப் பாதை. பிற்பகல் மூன்று மணிக்கு அலோசியஸின் மகளுக்கு ஞானஸ்நானம், ஞானத்தகப்பன் அல்பேர்ட். அவர் வராமல் சுவாமியார் தண்ணீரைத் தொடமாட்டார். இப்போது மணி ஒன்பது.

"இல்லை அத்தான், இன்னும் வெளிக்கிடேல்லை... குளிர்தான், மைனஸ் பதினெட்டு... ஓம், ஓம், ஹீற்றர் பூட்டினனான்... சூடேறினதோ? நல்லாச் சூடேறினது."

அதுவும் உண்மை. எஞ்சினைச் சூடாக்கும் அந்த ஹீற்றரை அல்பேர்ட்தான் பார்சலில் அனுப்பியிருந்தார். கனடாவில் இதைச் செருகாமல் எவனும் மாரிக் குளிரில் காரை எடுப்பதில்லை என்றும், ஜேர்மனிக்காரர் இதையெல்லாம் எப்போது பழகப்போகிறார்களோ என்றும் கூடவே ஒரு கடிதம். கராஜ் வைத்திருக்கும் சோதிலிங்கம் அதை எஞ்சினில் பொருத்திக் கொடுத்தான். கனடாப் பிளக் ஜேர்மன் துளைக்குள் போகவில்லை. மூன்று யூரோவுக்கு ஒரு அடாப்டர் வாங்கினார்கள். துளைக்குள் போய்விட்டால் மின்சாரமும் ஒத்துப்போய்விடும் என்பது இருவரின் நம்பிக்கை. அங்கே நூற்றிருபது வோல்ட், இங்கே இருநூற்று முப்பது. இன்று காலை இரண்டாம் மாடி யன்னலால் வயரை இறக்கிச் செருகிய எட்டாவது நிமிடம் ஹீற்றர் கருகி, வீடு இருண்டது. காருக்கடியில் எஞ்சினின் பச்சைத் தண்ணீர் வடிந்து, இப்போது அழகாகத் தேங்கிக் கிடந்தது.

"அத்தான், நான் என்ன சொல்ல வாறனெண்டால்... ரெயின் நல்ல வசதி... ஓம், ஓம், தெரியும், நாலு பெட்டி... இல்லை, ஹீற்றரிலை பிழை எண்டு ஆர் சொன்னது?... என்ன? எஞ்சின் சத்தத்தையோ? இப்பவோ?"

பக்கத்து வீட்டு பிரிங்க்மான் அப்போதுதான் தன் காரில் ஏறினார். இருபது வயதான கார். எந்த ஹீற்றரையும் கண்ணால் கண்டதில்லை. சாவியைத் திருப்பினார். ஓடியது. அலோசியஸ் கைபேசியை அதன் எஞ்சின் மூடிக்கு மேலே நீட்டிப் பிடித்தான். அன்றைய முதல் பொய் அதுதான். அதையும் அவன் வாயால் சொல்லவில்லை.

"கேட்டுதோ?... ஓம், ஓம், எல்லாம் உங்கடை புண்ணியம்... அப்ப நீங்கள் ரெயினிலை... ஏன் ஏலாது?... பெட்டியிலை என்ன?... ஆறோ? ஆறு ஹீற்றரோ? ஆருக்கு?"

ஞானஸ்நானத்துக்கு வரும் ஆறு குடும்பங்களுக்கு, ஆளுக்கொன்று. கோவில் வாசலில் தன் கையாலேயே கொடுக்கப்போகிறாராம். அந்தப் பாரத்தோடு ரெயின் ஏற முடியாது. கார்தான் இப்படி ஓடுகிறதே, பிறகெதற்கு ரெயின்? அவன் வரும்வரை விமான நிலைய வாசலைவிட்டு அசையமாட்டார்.

மேலே யன்னலில் மனைவி பிளோறன்ஸ் பிள்ளையோடு வந்து நின்று, இன்னும் போகவில்லையா என்று கையால் கேட்டாள்.

"அத்தான், குடுக்காதேங்கோ... ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ. நான் சொல்லுறதைக் கேளுங்கோ. அது என்ரை கார்ச் சத்தமில்லை. என்ரை கார்... ஹலோ? அத்தான்?"

அங்கே காசு தீர்ந்திருந்தது. எந்தச் சொல்லோடு தீர்ந்தது என்பது தெரியவில்லை.

அலோசியஸ் பிரிங்க்மானின் கண்ணாடியில் தட்டினான். தனக்குத் தெரிந்த மிகச் சுத்தமான ஜேர்மன் மொழியில், இன்று உங்களுக்கு ஏதாவது தேர்மின் இருக்கிறதா என்று விசாரித்தான். பிரிங்க்மான் கொஞ்சம் யோசித்தார். யாரையும் சந்திக்க வேண்டியதில்லை, பேக்கரியில் பாண் மட்டும் வாங்கவேண்டும் என்றார்.

பிராங்பேர்ட்டில் நல்ல பாண் கிடைக்கும் என்றான் அலோசியஸ்.