நானூறு கிலோமீட்டருக்கு எவ்வளவு நேரம்?

மனைவி: ஏங்க, ஒரு மணி நேரத்துல இறங்கிடலாம்னாரே மாப்பிள்ளை? ரெண்டு மணி நேரம் ஆகப்போகுது.

மெக்கானிக்: இறங்கிடும்மா.

மனைவி: ரெண்டு ஏர்போர்ட்டுக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?

மெக்கானிக்: நானூறு கிலோமீட்டர்.

மனைவி: அதுக்கா இவ்வளவு நேரம்?

மெக்கானிக்: நானூறுங்கறது ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட தூரம். விமானம் அப்படியா போகும்? காத்து பார்த்து, வரிசை பார்த்து... சுத்தித்தான் இறங்கும். கொஞ்சம் தள்ளு, வெளிய பார்க்கிறேன்.

மனைவி: ஆசைதான். இது என் ஜன்னல்.

மெக்கானிக்: ஒரே நிமிஷம்மா.

மனைவி: முடியாதுன்னா முடியாது. இருபது வருஷமா விமானத்துக்குச் சக்கரம் மாட்டுறீங்க, இன்னுமா பார்த்து அலுக்கல?

மெக்கானிக்: மாட்டினேன். ஏறினதில்லையே.

மனைவி: அதான் இப்படி வேர்க்குதா? ஷெட்டுல தெரிஞ்சா சிரிப்பாய்ச் சிரிப்பாங்க.

மெக்கானிக்: ஏசி சரியில்ல.

மனைவி: எனக்குக் குளிருது... சரி, பேத்தி யாரு ஜாடையா இருப்பா?

மெக்கானிக்: போய்ப் பார்த்தா தெரியப்போகுது.

மனைவி: போய்ப் பார்ப்போம்ல?

மெக்கானிக்: இது என்ன கேள்வி!

பணிப்பெண்: ஐயா, அம்மா, கொஞ்சம் கடைசி வரிசைக்கு மாறிக்கிறீங்களா? வெளிய இறக்கையில சுத்துற விசிறிக்குப் பக்கத்து சீட்டெல்லாம் காலி பண்றோம்.

மனைவி: பையை எடுத்துக்கறேன்...

பணிப்பெண்: பை வேண்டாம்மா. அப்படியே விட்டுடுங்க.

மெக்கானிக்: நீ முன்னால நட, வரேன்... ஏம்மா, ஒரு பக்கம்தான் சக்கரம் இறங்கின சத்தம் கேட்டுச்சு.

பணிப்பெண்: ஐயா... நீங்க?

மெக்கானிக்: விமான மெக்கானிக். தரையில உரசினா தீப்பிடிக்கக் கூடாதுன்னு எரிபொருளைத் தீர்க்கத்தானே சுத்துறோம்?

பணிப்பெண்: மெதுவாப் பேசுங்க ஐயா. இன்னும் கொஞ்சம்தான் மிச்சம். இப்ப கேப்டனே அறிவிப்பார். அம்மாவைப் பார்த்துக்குங்க.

மனைவி: அங்க என்ன குசுகுசு?

மெக்கானிக்: தண்ணி கேட்டேன். உட்காரு. பெல்ட்டை இறுக்கு... இன்னும். இறங்கும்போது நல்லாக் குனிஞ்சு தலையை ரெண்டு கையாலயும் பொத்திக்கோ.

மனைவி: எதுக்கு?

மெக்கானிக்: காது அடைக்கும். முதல் தடவை ஏறுறவங்களுக்கு அப்படித்தான்.

மனைவி: எல்லாரும் குனியணுமா?

மெக்கானிக்: எல்லாரும்தான். நானும்தான்.

மனைவி: கையைக் குடுங்க... அய்யோ, என்னங்க இப்படி இறுக்கிப் பிடிக்கிறீங்க!

மெக்கானிக்: உனக்கு... பயமா இல்லையா?

மனைவி: இல்லாம இருக்குமா? எதிர் ஜன்னல்ல சக்கரம் தொங்குது, என் ஜன்னல்ல இல்ல... அதை எப்பவோ பார்த்துட்டேன். நீங்க பார்த்துட்டா தாங்க மாட்டீங்கன்னுதான் ஜன்னலை மறைச்சு உட்கார்ந்துக்கிட்டு, வாய்க்கு வந்ததைக் கேட்டுக்கிட்டே வந்தேன்.