இருபதாவது பெயர்

காலை ஏழே முக்கால் மணி. ராத்திரி இல்லை, காலைதான். சிரிக்காதீர்கள், முழுசாகக் கேளுங்கள்.

பஸ் இறக்கிவிட்டுப் போய்விடும். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் வரைக்கும் இரண்டு கிலோமீட்டர் மண் பாதை. இரண்டு பக்கமும் வெட்டவெளி. வீடு கிடையாது, கடை கிடையாது... நடக்கிறவரின் செருப்புச் சத்தம்தான் துணை. அந்தப் பாதையில் தினமும் தனியாக நடந்தவள் என் சிநேகிதனின் அக்கா. அவளுக்கு நடந்தது இது. சிநேகிதன் என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னான். மறுபடி கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். அந்த ஜன்னலைச் சாத்திவிட்டுக் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள்.

சின்னத் தொடக்கப் பள்ளி. இரண்டே அறை, முன்னால் சரளைக்கல் கொட்டிய மைதானம். பிள்ளைகள் பத்தொன்பது பேர். ஆசிரியைகள் இரண்டு பேர். ஒருத்தி அக்கா. இன்னொருவர் தலைமையாசிரியை, ஓய்வு பெற இரண்டு வருஷம் பாக்கி. பீரோ சாவி, வருகைப் பதிவேடு எல்லாம் அவர் பொறுப்பு. அவரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது.

அந்தப் பருவத்தில் அக்கா சில புது ஏற்பாடுகள் செய்தாள். செவ்வாய்க்கிழமை தோட்ட வேலை. புதன்கிழமை நாடகம். மாதக் கடைசியில் எல்லோருக்கும் எடை பார்ப்பது. வெள்ளிக்கிழமை கடைசி மணியில் ‘ஜோடி நடை’. பிள்ளைகள் இரண்டிரண்டு பேராகக் கை கோத்து மைதானத்தை மூன்று சுற்று வரவேண்டும். நடந்துகொண்டே, அந்த வாரம் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று, ஜோடியிடம் சொல்லவேண்டும். மனதில் எதையாவது அமுக்கி வைத்திருக்கும் பிள்ளைகள் வாய் திறப்பார்கள் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை.

பத்தொன்பது ஒற்றைப்படை. ஒரு பிள்ளை மிஞ்சும். வாராவாரம் மிஞ்சியது குருவிதான். இரண்டாம் வகுப்பு, ஏழு வயது. உருவத்தைப் பார்த்து யாரோ வைத்த பட்டப்பெயர். கேட்டால் பதில் சொல்வாள், கேட்காவிட்டால் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். அவளோடு அக்காவே நடப்பாள்.

"இந்த வாரம் என்ன பிடிச்சுது குருவி?"

"ஒண்ணும் இல்ல டீச்சர்."

"பிடிக்காதது?"

"அதும் ஒண்ணும் இல்ல டீச்சர்."

நாலாவது வெள்ளிக்கிழமை. அக்கா வழக்கம்போல் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். யாரும் வரவில்லை. பிள்ளைகள் நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். சரளைக்கல் சரக்... சரக்... என்று நொறுங்குகிறது. முன்னால் ஒரு ஜோடி, பின்னால் ஒரு ஜோடி. கண்ணுக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஒரு சுற்று முடிந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. எப்படி எல்லோருக்கும் ஜோடி கிடைத்தது?

எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடிப்பதற்குள் வரிசை கட்டடத்துக்குப் பின்னால் திரும்பிவிட்டது. மறுபக்கம் வெளியே வந்தபோது கடைசியில் குருவி. தனியாக. வலது கையைக் கொஞ்சம் பக்கவாட்டில் நீட்டி, விரல்களை மூடி... சிரித்துக்கொண்டே வந்தாள்.

"யாருகூட நடந்த?"

"புதுப் பொண்ணுகூட."

"எங்க அவ?"

"உள்ள போயிட்டா டீச்சர்."

அக்கா இரண்டு அறையையும் பார்த்தாள். பெஞ்சுக்கு அடியில்கூட. யாரும் இல்லை. அக்கம்பக்கத்துப் பிள்ளை எதுவும் புகுந்துவிட்டதா? பக்கத்தில் வீடே இல்லையே. தனியாக இருக்கும் குழந்தை மனசுக்குள் ஒரு தோழியை உண்டாக்கிக்கொள்வது சகஜம்தான், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டாள். குருவியும் மாறத்தான் செய்தாள். வகுப்பில் கை தூக்கினாள். நாடகத்தில் வேஷம் கேட்டாள். அக்காவுக்குச் சந்தோஷம். ஒன்றே ஒன்றுதான் இடித்தது. குருவியின் தலையைத் தடவினால் கையில் பேனா மை வாசனை. இரண்டாம் வகுப்புக்குப் பென்சில்தான்.

ஒருநாள் தலைமையாசிரியை கூட்டத்துக்குப் போகவேண்டி வந்தது. பீரோ சாவியை அரைமனதாகக் கொடுத்துவிட்டுப் போனார். அக்கா வருகைப் பதிவேட்டை எடுத்துப் பெயர் வாசித்தாள். பத்தொன்பது பேரும் வந்திருந்தார்கள். அதற்குக் கீழே இன்னொரு வரி. இருபதாவது பெயர். இரண்டாம் வகுப்பு, பெண். பருவம் தொடங்கிய முதல் நாளிலிருந்து ஒருநாள் விடாமல் வருகை.

அக்காவுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. இருபது பிள்ளைகளுக்குக் குறைந்தால் பள்ளியை மூடிவிடுவதாக மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள். மூடினால் இந்தப் பிள்ளைகள் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் போகவேண்டும். பாதிப் பேர் போகமாட்டார்கள். அதனால் அந்தக் கிழவி, இல்லாத ஒரு பிள்ளையை ஏட்டில் சேர்த்திருக்கிறாள்!

அக்கா வாயைத் திறக்கவில்லை. கவனிக்க மட்டும் ஆரம்பித்தாள். பீரோ எத்தனை மணிக்குத் திறக்கிறது, யார் வந்தால் பதிவேடு சட்டென்று மூடுகிறது... அவருக்கும் மூக்கில் வேர்த்துவிட்டது.

"என்ன டீச்சர், என் முதுகுக்குப் பின்னாலயே நிக்கிறீங்க? யாராவது பார்க்கச் சொன்னாங்களா?"

"இல்ல மேடம், சாக்பீஸ் எடுக்க வந்தேன்."

அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் பேச்சு குறைந்தது. ஒரே மேஜையில் சாப்பிடுவார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கமாட்டார்கள்.

இதற்கிடையில் குருவி மெலிந்துகொண்டே வந்தாள். முகத்தில் சிரிப்பு இருக்கும், கன்னத்தில் சதை இருக்காது. உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிவிழுவாள். டாக்டர் பார்த்தார். ரத்தம் சரி, வயிறு சரி, ஒரு கோளாறும் இல்லை என்றார்.

அந்த மாதக் கடைசியில் எடை பார்த்த மறுநாள், தலைமையாசிரியை அக்காவை அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். எடை நோட்டை மேஜையில் விரித்தார்.

"நான் பண்ணது தப்புதான் டீச்சர். ஸ்கூலை மூடிடுவாங்களேன்னு ஒரு பேரை எழுதினேன். வாய்க்கு வந்த பேரு. அதை நீங்க கண்டுபிடிச்சுட்டீங்கன்னும் தெரியும். அதுக்காக இப்படியா விளையாடுறது?"

"நான் என்ன மேடம் விளையாடினேன்?"

"இதைப் பாருங்க."

எடை நோட்டிலும் இருபதாவது வரி. அதே பெயர். முதல் மாதம் பதினைந்து கிலோ. இரண்டாம் மாதம் பதினாறு. மூன்றாம் மாதம் பதினேழரை.

"இதையும் நீங்கதானே எழுதினீங்க மேடம்..."

"என் கையெழுத்தா இது? நல்லா பாருங்க."

அக்கா பார்த்தாள். அவளுடைய கையெழுத்து. ஐந்துக்கு மேலே கோடு போடாமல் விடுவாளே, அந்த ஐந்து. அவளே எழுதியிருக்கிறாள்.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. எடை பார்க்கும்போது பிள்ளைகள் வரிசையில் வருவார்கள். ஒவ்வொருவராக மெஷின் மேல் ஏறிப் பெயரும் எடையும் சொல்வார்கள். அவள் தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போவாள். கடைசியில் ஒரு சின்னக் குரல் சொன்னது... அதையும் எழுதினாள். மூன்று மாதமும். மெஷின் ‘டக்’கென்று இறங்கிய சத்தம்கூட ஞாபகம் இருந்தது.

பிறகு அக்காவின் விரல் மேலே நகர்ந்து குருவியின் வரியில் நின்றது. இருபது. பத்தொன்பது. பதினேழரை.

ஒருத்தியிடம் எவ்வளவு குறைந்ததோ, இன்னொருத்தியிடம் அவ்வளவும் ஏறியிருக்கிறது. இந்த மாதம் இரண்டு பேரும் சரிசமம்.

"மேடம், அந்தப் பேரை அடிச்சிடுங்க."

"அடிச்சா ஸ்கூல் போயிடும் டீச்சர். பத்தொம்பது பிள்ளைங்க..."

"அடிக்கலைன்னா இருக்கிற பத்தொம்பதுல ஒண்ணு போயிடும்."

தலைமையாசிரியை வருகைப் பதிவேட்டையும் இழுத்து எடை நோட்டுக்குப் பக்கத்தில் விரித்தார். பிறகு ஸ்கேல் எடுத்தார். சிவப்புப் பேனா எடுத்தார். இரண்டு ஏட்டிலும் அந்தப் பெயருக்குக் குறுக்கே கோடு இழுத்தார். பேனா காகிதத்தில் கீறும் சத்தம்... அதோடு சேர்ந்து, வெளியே சரளைக்கல்லில் யாரோ ஓடிவரும் சத்தம். ஒரே ஒருவர். சின்னக் கால். ஜன்னலுக்கு நேர் கீழே வந்து நின்றது.

பிள்ளைகள் அத்தனை பேரும் பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. தைரியம் இல்லை. அறை முழுக்க மை வாசனை. மை புட்டியைத் தரையில் போட்டு உடைத்த மாதிரி.

அதற்கப்புறம் காரியம் வேகமாக நடந்தது. அதிகாரிகள் வந்தார்கள், ஏட்டில் பெயர்களை எண்ணினார்கள், பத்தொன்பது. பருவம் முடிந்ததும் பள்ளியை மூட உத்தரவு. தலைமையாசிரியை ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. குருவி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. சனிக்கிழமை பகல் பதினோரு மணிக்கு அக்கா அவளைப் பார்க்க வீட்டுக்கே போனாள். நல்ல வெயில். ஈ, காக்கை இல்லாத தெரு.

குருவி தட்டு நிறையச் சோற்றோடு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் ரத்தம் ஓட ஆரம்பித்திருந்தது. அவள் அம்மா தையல் மெஷினை நிறுத்திவிட்டு வந்தாள்.

"ரெண்டு நாளா மூணு வேளையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுறா டீச்சர். எனக்கு உயிரே திரும்பி வந்த மாதிரி இருக்கு."

அக்கா குருவியின் தலையைத் தடவிக் கையை முகர்ந்து பார்த்தாள். எண்ணெய் வாசனை மட்டும்தான். குனிந்து, மெதுவாகக் கேட்டாள்.

"அந்தப் புதுப் பொண்ணு... இப்ப வர்றாளா?"

"இல்ல டீச்சர். பேரை அடிச்ச அன்னிக்கே போயிட்டா."

"கோவமா போனாளா?"

குருவி யோசித்தாள். "அழுதா. அப்புறம், வேற பேரு இருக்குன்னு சொன்னா."

பிள்ளை பிழைத்தது போதும் என்று அக்கா எழுந்தாள். செருப்பை மாட்டினாள். வழியனுப்ப வந்த குருவியின் அம்மா, அக்காவின் தோளைத் தாண்டி வாசலைப் பார்த்துப் பதறிப்போனாள்.

"ஐயோ, என்ன டீச்சர், பாப்பாவ வெயில்ல நிக்க வச்சுட்டா உள்ள வந்தீங்க? சொல்லக்கூடாதா?"

அக்காவுக்கு அப்போது கல்யாணம்கூட ஆகவில்லை. தனியாகத்தான் வந்திருந்தாள். அவளால் திரும்ப முடியவில்லை. முகத்துக்கு நேரே, குருவியின் அம்மா வாசல் பக்கம் குனிந்து கொஞ்சுவது மட்டும் தெரிந்தது.

"உன் பேரென்னடா கண்ணு?"

காது கொடுத்துக் கேட்கிற மாதிரி அவள் தலையைச் சாய்த்தாள். பிறகு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அட... டீச்சர் பேரேதானா!"