எந்த ஹீ?

பட்டர்வொர்த் போகும் ஃபெர்ரியில் எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். நான் பேப்பர் படிப்பதுபோல இருந்தேன், படிக்கவில்லை. மிஷன் வீட்டில் இங்கிலீஷ் படிக்கிறாளாம் இளையவள். அவள்தான் ஆரம்பித்தாள்.

"வீட்டுக்காரர் பேரச் சொல்லாம இங்கிலீஷ் எழுத முடியாதாம்க்கா."

"ஏன் அப்படி?"

"அவரைப் பத்தி 'ஹீ'ன்னு ஆரம்பிச்சேன். எந்த ஹீன்னு கேட்டு மிஸ்ஸியம்மா கோடு போட்டுட்டாங்க. முதல்ல பேரு வரணுமாம். அப்புறம் எத்தனை 'ஹீ' போட்டாலும் அது அவருதானாம்."

"அவரு உசிரோட இருந்தப்பவே நீ பேரச் சொன்னதில்லையே."

"ஆமாக்கா. நேத்துதான் எழுதினேன், ஒரே ஒரு தடவை. எழுதின உடனே நோட்ட மூடிட்டேன்."

மூத்தவள் பேச்சை மாற்றினாள்.

"சுங்கை பாக்காப்ல உனக்காக நாம பாக்கப் போற மாப்பிள்ளை நல்ல மனுசன்லா. முகம் குடுத்துப் பேசு."

"நடுவுல வேற ஆம்பளைப் பேரு வந்துட்டா, அதுக்கப்புறம் 'ஹீ'ன்னா அந்தாளுதானாம்க்கா."

"அப்ப முதல் ஆளு?"

"திரும்பவும் அவரு பேரையே எழுதணுமாம்" என்றாள் இளையவள். "என்னால இன்னொரு தடவை முடியாதுக்கா."